கேஷ் பெயிலை எடுத்தா கொலை கூடுமா?

(சோலோ எபிசோட். படிக்க வசதியா பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுதியிருக்கோம்.)

[00:00] அண்ணனோட வாய்ஸ் நோட்

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான்.

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். என் பெரியம்மா பையன் சிகாகோவுல இருக்கார். 2025 நவம்பர் கடைசியில ஒரு நாள் காலையில எழுந்து போனைப் பார்த்தா, அவர்கிட்டேருந்து நாலு நிமிஷ வாய்ஸ் நோட். வழக்கமா அவர் அனுப்புறது குட் மார்னிங் மெசேஜ்தான்.

"டேய், நீ எதுக்கெடுத்தாலும் டேட்டா டேட்டான்னு பேசுவியே, இதுக்குப் பதில் சொல்லு. இங்க இல்லினாய்ல பெயிலுக்குப் பணம் கட்டறதையே எடுத்துட்டாங்க. பிடிச்சவனையெல்லாம் அப்படியே விட்டுடறாங்க. உங்க அண்ணி டெய்லி அந்த ட்ரெயின்லதான்டா போறா. நான் எப்படிடா அவளை அனுப்பறது?"

அந்த ட்ரெயின்னு அவர் சொன்னது சிகாகோ ப்ளூ லைன். நவம்பர் 17 ராத்திரி அதுல போயிட்டிருந்த 26 வயசுப் பொண்ணு மேல ஒரு ஆள் பெட்ரோலை ஊத்தித் தீ வெச்சார். பலத்த தீக்காயத்தோட அந்தப் பொண்ணு உயிர் பிழைச்சாங்க. குற்றம் சாட்டப்பட்டவர் ஏற்கெனவே பல தடவை கைதானவர். அதுக்கு மூணு மாசம் முன்னாடி, ஆகஸ்ட்ல, ஆஸ்பத்திரியில ஒரு சமூகப் பணியாளரைத் தாக்கின கேஸ்ல பிடிபட்டிருந்தார். அரசுத் தரப்பு வக்கீல் "இவரை உள்ளயே வைங்க"ன்னு கேட்டாங்க. ஜட்ஜ் கண்காணிப்புக் கருவி மாட்டி வெளியே அனுப்பிட்டார்.

அதனால அண்ணனோட பயத்தை நான் "வாட்ஸ்அப் ஃபார்வர்டு"ன்னு ஒதுக்க முடியாது. "பார்த்துட்டுச் சொல்றேன்ணா"ன்னு சொன்னேன். ரெண்டு வாரம் ஆச்சு. அவருக்குச் சொன்னதைத்தான் இப்போ உங்களுக்கும் சொல்லப்போறேன்.

[03:10] முதல்ல, கேஷ் பெயில்னா என்ன?

நம்ம ஊர்ல ஜாமீன்னு சொன்னா நம்ம மனசுல வர்றது, ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போடறது, வாரா வாரம் ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடறது. அமெரிக்காவுல பெரும்பாலான இடங்கள்ல அது நேரடியா ஒரு தொகை. ஜட்ஜ் 5,000 டாலர்னு சொன்னா, கட்டிட்டு வெளியே வரலாம். விசாரணைக்கு ஒழுங்கா வந்தா கடைசியில பணம் திரும்பக் கிடைக்கும். கட்ட முடியலன்னா, கேஸ் முடியற வரைக்கும் ஜெயில்தான். குற்றம் நிரூபணமாகலன்னாலும் ஜெயில்தான்.

முழுத்தொகை கையில இல்லாதவங்களுக்காகவே ஒரு பிசினஸ் இருக்கு. பெயில் பாண்ட் கம்பெனி. பொதுவா பத்து சதவீதம் அவங்ககிட்ட கட்டினா மீதிக்கு அவங்க பொறுப்பு. ஆனா நீங்க நிரபராதின்னே தீர்ப்பு வந்தாலும் அந்தப் பத்து சதவீதம் போனது போனதுதான்.

இதோட மோசமான முகத்துக்கு அமெரிக்காவுல எல்லாரும் சொல்ற பேர் கலீஃப் ப்ரௌடர். நியூயார்க், 2010. ஒரு பையைத் திருடினதா பிடிச்சப்போ அவருக்கு 16 வயசு. பெயில் 3,000 டாலர். குடும்பத்தால கட்ட முடியல. அப்புறம் கோர்ட் பெயிலே கிடையாதுன்னு சொல்லிடுச்சு. ரைக்கர்ஸ் தீவு ஜெயில்ல கிட்டத்தட்ட மூணு வருஷம், அதுல பெரும்பகுதி தனிமைச் சிறையில. விசாரணை நடக்கவே இல்ல. 2013ல கேஸைத் தள்ளுபடி பண்ணி வெளியே விட்டாங்க. 2015ல, 22 வயசுல, தற்கொலை பண்ணிக்கிட்டார்.

இதைக் கேட்டா எல்லாருக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா என் அண்ணன் கேட்டது வேற கேள்வி. "சரி, பாவம்தான். ஆனா இந்தப் பணத்தை எடுத்துட்டா ஊர்ல வன்முறை கூடுமா, கூடாதா?"

[06:20] எடுத்தாங்கன்னா, எதை எடுத்தாங்க?

அண்ணன் சொன்னதுல ஒரு விஷயம் தப்பு. "பிடிச்சவனையெல்லாம் விட்டுடறாங்க"ன்னார்ல, அது அப்படி இல்ல.

நியூஜெர்சியை எடுத்துக்கோங்க. அங்க 2017 ஜனவரி 1லருந்து பண பெயில் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. சட்டத்துல 2014ல கையெழுத்துப் போட்ட கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி, குடியரசுக் கட்சிக்காரர். அதுக்கு முன்னாடி அந்த மாநில அரசியலமைப்புப்படி கிட்டத்தட்ட எல்லாருக்கும் பெயில் தொகை நிர்ணயிச்சே ஆகணும். அதாவது, ரொம்ப ஆபத்தான ஆள்னு ஜட்ஜுக்கே தெரிஞ்சாலும், பணம் இருந்தா அவர் வெளியே வந்துடலாம். 2013ல வந்த ஒரு ஆய்வு, அந்த மாநில ஜெயில்ல இருந்தவங்கள்ல சுமார் 12 சதவீதம் பேர் 2,500 டாலரோ அதுக்கும் கம்மியாவோ கட்ட முடியாததாலதான் உள்ள இருந்தாங்கன்னு சொல்லுச்சு. இதைத் திருத்த 2014ல மக்கள்கிட்டயே ஓட்டு கேட்டு அரசியலமைப்பை மாத்தினாங்க. பெரிய தொகை உள்ளவன் போகலாம், சின்னத் தொகை இல்லாதவன் போக முடியாதுங்கற நிலைமை போய், ஆபத்துன்னு அரசுத் தரப்பு நிரூபிச்சா பணம் இருந்தாலும் உள்ளதான்னு ஆச்சு.

இல்லினாய் இன்னும் ஒரு படி மேல போச்சு. 2023 செப்டம்பர் 18 அன்னைக்கு, பண பெயிலை முழுசா ஒழிச்ச முதல் மாநிலம் ஆச்சு. அங்கயும் அதே கதைதான். வன்முறைக் குற்றம், துப்பாக்கி கேஸ், குடும்ப வன்முறை மாதிரி பட்டியல்ல இருக்கற குற்றங்கள்ல, அரசுத் தரப்பு மனு போட்டு, ஆபத்துன்னு காட்டினா, ஜட்ஜ் உள்ள வைக்கலாம். எவ்வளவு பணம் கட்டினாலும் வெளிய வர முடியாது. பொண்டாட்டியை அடிச்சவன் சாயங்காலமே பணம் கட்டிட்டு அதே வீட்டுக்குத் திரும்பி வர்றது பழைய சிஸ்டத்துல நடந்துச்சு. அதனாலதான் குடும்ப வன்முறைக்கு எதிரா வேலை செய்யற அமைப்புகள்ல சிலர் இந்த மாற்றத்தை ஆதரிச்சாங்க.

ஸோ, எடுத்தது கதவை இல்ல. கதவுல மாட்டியிருந்த ரேட் கார்டை.

[09:30] 2020: எல்லாரும் காட்டற கிராஃப்

எதிர்த்தரப்போட ஸ்ட்ராங்கான வாதம் நியூயார்க். 2020 ஜனவரியில அங்க பெரும்பாலான சின்னக் குற்றங்களுக்கும் வன்முறை இல்லாத குற்றங்களுக்கும் பண பெயிலை நிறுத்தினாங்க. அதே வருஷம் நியூயார்க் சிட்டியில கொலைகள் 319லருந்து 460க்கு மேல போச்சு. கிராஃப் போட்டுப் பார்த்தா, சட்டம் வந்த இடத்துலருந்து கோடு செங்குத்தா ஏறுது. சோஷியல் மீடியாவுல சுத்தற ஸ்க்ரீன்ஷாட் இதுதான்.

நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்கு இது பழகின பிரச்சினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க ஒரு மாற்றத்தை டிப்ளாய் பண்றீங்க. ராத்திரி டாஷ்போர்டு முழுக்க சிவப்பு. மேனேஜர் போன் பண்ணி "உன் கோடுதான் காரணம், ரோல்பேக் பண்ணு"ன்னு கத்தறார். நல்ல இன்ஜினியர் முதல்ல என்ன பார்ப்பாங்க? என் கோடு போகாத சர்வர்லயும் இதே எரர் வருதான்னு பார்ப்பாங்க.

வந்துச்சு. 2020ல அமெரிக்கா முழுக்கவே கொலைகள் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறுச்சு. எஃப்பிஐ கணக்கு வெச்சிருக்கற காலத்துல ஒரே வருஷத்துல இவ்வளவு பெரிய ஏற்றம் அதுக்கு முன்னாடி இல்ல. பெயில் சட்டத்தைத் தொடாத மாநிலங்கள்லயும் ஏறுச்சு. அந்த வருஷம் கொரோனா, ஸ்கூல் மூடல், ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு அப்புறம் நடந்த போராட்டங்கள், துப்பாக்கி விற்பனை எகிறினதுன்னு எத்தனையோ நடந்துச்சு. இன்னொண்ணு, நியூயார்க் சட்டம் பெரும்பாலான வன்முறைப் பெருங்குற்றங்களைத் தொடவே இல்ல. கொலை கேஸ்ல பிடிபட்டவங்களுக்குப் பழைய மாதிரியே பெயில் வைக்கலாம், உள்ளயும் வைக்கலாம்.

இதே நேர்மை இந்தப் பக்கமும் வேணும். இல்லினாய் சட்டத்தை ஆதரிக்கறவங்க வேற ஒரு கிராஃப் காட்டறாங்க. சிகாகோவுல கொலைகள் 2023ல 617, 2024ல 573, 2025ல 416. "பாருங்க, பெயிலை எடுத்தோம், கொலை குறைஞ்சிடுச்சு!" இல்லங்க. அந்த வருஷங்கள்ல நாடு முழுக்கவே குறைஞ்சது. 2020 ஏற்றத்துக்குப் பெயில் காரணம் இல்லன்னு சொன்ன அதே வாயால, 2025 இறக்கத்துக்குப் பெயில்தான் காரணம்னு சொல்லக்கூடாது.

[13:00] வாஷிங்டன்ல முப்பது வருஷம்

எனக்கு ரொம்பத் தெளிவு கொடுத்த ஊர் வாஷிங்டன் டிசி. 1992லருந்தே அங்க பண பெயில் கிட்டத்தட்ட கிடையாது. முப்பது வருஷத்துக்கும் மேல ஓடிட்டிருக்கற ஒரு சிஸ்டம்.

அந்த முப்பது வருஷத்துல கொலை எண்ணிக்கையைப் பாருங்க. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல வருஷத்துக்கு 400க்கு மேல. 2012ல 88. 2023ல 274. 2024ல 187. பெயில் விதி மாறாம அப்படியே இருக்கு, கொலை எண்ணிக்கை மட்டும் இறங்குது, ஏறுது, மறுபடி இறங்குது. மாறாத ஒண்ணு, மாறற ஒண்ணுக்குக் காரணமா இருக்க முடியாது. இதுக்குப் பெரிய புள்ளியியல் கூடத் தேவையில்ல.

2025 ஆகஸ்ட் 25 அன்னைக்கு அதிபர் ட்ரம்ப் பண பெயில் இல்லாத இடங்களுக்கு எதிரா உத்தரவு போட்டார். கேட்காத மாநிலங்கள், நகரங்களோட மத்திய நிதியில கை வைப்போம்ங்கற மிரட்டலும் அதுல இருந்துச்சு. வாஷிங்டனுக்குன்னே தனியா ஒரு உத்தரவு. 2012ல கொலை 88ஆ இருந்தப்பவும் அங்க இதே விதிதான் இருந்துச்சுங்கறதை அந்த விவாதத்துல யாரும் பெருசா பேசல.

[15:10] ஆய்வுகள் என்ன சொல்லுது

ப்ரென்னன் சென்டர் 2024ல 33 நகரங்களை எடுத்து, 2015லருந்து 2021 வரைக்கும் பார்த்தாங்க. அதுல 22 நகரங்கள்ல ஏதாவது ஒரு வகைப் பெயில் சீர்திருத்தம் நடந்திருந்துச்சு, மீதில நடக்கல. ரெண்டுக்கும் நடுவுல குற்ற விகிதத்துல புள்ளியியல் ரீதியா சொல்லிக்கற அளவுக்கு வித்தியாசம் இல்ல. இவங்க சீர்திருத்தம் வேணும்ங்கற பக்கம், அதையும் சொல்லிடறேன்.

நியூஜெர்சி பத்தி 2024ல ஜாமா குழும மருத்துவ இதழ் ஒண்ணுல ஒரு ஆய்வு வந்துச்சு. சீர்திருத்தம் பண்ணாத மாநிலங்களையெல்லாம் கலந்து, "பெயிலை மாத்தாத ஒரு நியூஜெர்சி"யைக் கணக்குல உருவாக்கி, நிஜ நியூஜெர்சியோட ஒப்பிட்டாங்க. துப்பாக்கி வன்முறை கூடல. அதே காலத்துல, 2015 கடைசியிலருந்து 2018 கடைசிக்குள்ள, விசாரணைக்குக் காத்திருக்கற கைதிகள் எண்ணிக்கை அங்க சுமார் 44 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு.

ஆனா எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லுதுன்னு நான் சொன்னா அது பொய். ரெண்டு இடத்துல கவனமா இருக்கணும்.

ஒண்ணு, சிகாகோ இருக்கற குக் கவுண்டி. அங்க 2017லயே தலைமை நீதிபதி, "ஆளால கட்ட முடிஞ்ச தொகையைத்தான் பெயிலா வைக்கணும்"னு உத்தரவு போட்டார். லயோலா யுனிவர்சிட்டி ஆட்கள் முன்னாடி, பின்னாடி ஒப்பிட்டாங்க. வெளியே வந்தவங்கள்ல சுமார் 17 சதவீதம் பேர் மேல புது கேஸ், வன்முறை கேஸ் 3 சதவீதம். உத்தரவுக்கு முன்னாடியும் அதுதான், பின்னாடியும் அதுதான். ஆனா பால் காசெல், ரிச்சர்ட் ஃபவுல்ஸ்னு யூட்டா யுனிவர்சிட்டி ஆட்கள் ரெண்டு பேர் தலைமை நீதிபதி அலுவலகம் வெளியிட்ட கணக்கையே தோண்டி, அது தப்புன்னாங்க. அவங்க வாதத்துல ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. சதவீதம் மாறலன்னாலும், வெளியே விடறவங்க எண்ணிக்கை கூடினா, மொத்த குற்ற எண்ணிக்கை கூடும்ல? கூடும். எவ்வளவுங்கறதுலதான் சண்டை. அதனால யாராவது "17 சதவீதம்தான், மாறல"ன்னு சொன்னா, "மொத்தம் எத்தனை பேரை வெளியே விட்டீங்க?"ன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்க.

ரெண்டாவது, நியூயார்க்ல ஜான் ஜே காலேஜ் 2023ல பண்ண ஆய்வு. பெயில் எடுக்கப்பட்ட சின்னக் கேஸ்கள்ல, ரெண்டு வருஷத்துல மறுபடி கைதானவங்க 44 சதவீதம். பழைய விதிப்படி இருந்திருந்தா 50 சதவீதம் இருந்திருக்கும்னு கணக்கு. அதாவது குறைஞ்சிருக்கு. ஆனா சமீபத்துல ஏற்கெனவே வேற கேஸ்ல கைதானவங்க கிட்ட மட்டும் தனியா பார்த்தா, மறுபடி கைதாகறது கூடியிருக்கு. சராசரி நல்லா இருக்குன்னு இந்த ஒரு வரிசையை மறைக்க முடியாது. நியூயார்க் சட்டம் தீவிரத் தொடர் குற்றவாளி, முதல் தடவை மாட்டினவன்னு பெருசா பிரிக்காம போனதுதான் அதோட பலவீனம். பின்னாடி சட்டத்தை மூணு தடவை திருத்தவும் செஞ்சாங்க.

[20:40] உள்ள வெச்சா மட்டும் சேஃபா?

எனக்கே ஆச்சரியமா இருந்த விஷயம் இது. ஜெயில்ல இருக்கற வரைக்கும் ஒருத்தன் வெளியே குற்றம் பண்ண முடியாது, அது சரி. அப்புறம்?

டெக்சாஸ்ல ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுண்டியில, லட்சக்கணக்கான சின்னக் கேஸ்களைப் பார்த்து 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே மாதிரி கேஸ், ஒரே மாதிரி பின்னணி. ஒருத்தர் பெயில் கட்டி வெளியே, இன்னொருத்தர் கட்ட முடியாம உள்ள. 18 மாசம் கழிச்சுப் பார்த்தா, உள்ள இருந்தவங்க கிட்ட புதுப் பெருங்குற்ற கேஸ்கள் 30 சதவீதம் அதிகம், சின்னக் குற்றங்கள் 20 சதவீதம் அதிகம்.

ஏன்? ரெண்டு வாரம் நீங்க ஆபீஸ் போகலன்னு வைங்க, சொல்லாம கொள்ளாம. நமக்கு ஹெச்ஆர் மெயில் வரும். தினக்கூலிக்கு வேலையே போயிடும். வாடகை நிக்கும், வீடு போகும். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு செய்யாத குற்றத்தையும் "செஞ்சேன்"னு ஒத்துக்கறவங்க உண்டு. ஃபிலடெல்பியா, மயாமி கேஸ்களை வெச்சு டாபி, கோல்டின், யாங்னு மூணு பேர் பண்ண ஆய்வும் இதைத்தான் காட்டுச்சு. வெளியே இருந்தவங்க குற்றத்தை ஒத்துக்கறது குறைவு, அப்புறம் முறையான வேலைக்குப் போறது அதிகம். ஒத்துக்கிட்டவனுக்கு ரெக்கார்டு, ரெக்கார்டு இருக்கறவனுக்கு வேலை இல்ல, அப்புறம் என்ன நடக்கும்?

சரி, வெளியே விட்டவங்க கோர்ட்டுக்கு வராம ஓடிட்டாங்களா? இல்லினாய்ல முதல் வருஷ கணக்கை லயோலா பார்த்தாங்க. கோர்ட்டுக்கு வராததால வாரன்ட் போட்டது முன்னாடி 17 சதவீதம், பின்னாடி 15 சதவீதம். பணம் அடமானம் இல்லாமலேயே வந்திருக்காங்க.

[23:50] அந்த ஒரு ஆள்

இப்போ அண்ணனோட உண்மையான கேள்விக்கு வர்றேன். அவர் கேட்டது விகிதத்தைப் பத்தி இல்ல. அந்த ட்ரெயின்ல இருந்த அந்த ஒரு ஆளைப் பத்தி.

இதுக்குப் பக்கத்துல இன்னொரு சம்பவத்தை வைக்கறேன். 2021 நவம்பர், பக்கத்து மாநிலம் விஸ்கான்சின், வாக்கேஷாங்கற ஊர். கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள்ள ஒருத்தர் காரை விட்டு ஏத்தினார். ஆறு பேர் செத்தாங்க, அதுல ஒரு எட்டு வயசுப் பையன். அந்த ஆளும் சில நாள் முன்னாடிதான் ஜெயில்லருந்து வந்திருந்தார். ஒரு பொண்ணு மேல காரை ஏத்தின கேஸ். எப்படி வந்தார்? 1,000 டாலர் கேஷ் பெயில் கட்டி.

விஸ்கான்சின்ல பண பெயில் இருந்துச்சு. இல்லினாய்ல இல்ல. ரெண்டு இடத்துலயும் விட்டிருக்கக்கூடாத ஒருத்தரை விட்டாங்க. ஒரு இடத்துல பணம் அவரை வெளியே கொண்டு வந்துச்சு, இன்னொரு இடத்துல ஒரு ஜட்ஜோட தவறான முடிவு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. சிகாகோ கேஸ்ல, அரசுத் தரப்பு கேட்டுச்சு, ஜட்ஜ் மறுத்தார், அது ரெக்கார்டுல இருக்கு. யார் என்ன காரணத்துக்காக முடிவெடுத்தாங்கன்னு கேள்வி கேட்கலாம், கண்காணிப்புக் கருவி ஏன் வேலை செய்யலன்னு கேட்கலாம், மனநல சிகிச்சை எங்க போச்சுன்னு கேட்கலாம். வாக்கேஷாவுல பதில் வெறும் ஒரு ரசீது. ஆயிரம் டாலர், பெற்றுக்கொள்ளப்பட்டது.

பணம் எவ்வளவு இருக்குங்கறது, ஆள் எவ்வளவு ஆபத்துங்கறதைச் சொல்லாது. தப்பான கேள்விக்கு ரொம்பத் துல்லியமா பதில் சொல்ற சென்சார் மாதிரிதான் கேஷ் பெயில். அதை எடுத்தா வன்முறை கூடினதா நல்ல ஆய்வுகள்ல தெரியல. ஆனா எடுத்துட்டா மட்டும் போதாது. அந்த இடத்துல யோசிச்சு முடிவெடுக்கற ஆள், நேரம், தகவல் எல்லாம் வேணும். முக்கியமா, திரும்பத் திரும்ப வன்முறையில மாட்டறவங்களை வேற மாதிரி பார்க்கணும். அந்த வேலையைச் செய்யாத சட்டம் ஒரு நாள் ஒரு ட்ரெயின்ல தோத்துடும், அப்புறம் சராசரி பேசி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

[27:30] அண்ணன் சொன்ன பதில்

இதையெல்லாம் அண்ணனுக்கு போன்ல சொன்னேன். முக்கால் மணி நேரம். வாக்கேஷா பத்திச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

அப்புறம் சொன்னார், "சரிடா, புரியுது. ஆயிரம் டாலர் வாங்கிட்டு விட்டிருந்தா மட்டும் எனக்கு நிம்மதியா இருந்திருக்குமா என்ன? ஆனா சாயங்காலம் உங்க அண்ணிய நான்தான் ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வருவேன்."

"போய்க் கூட்டிட்டு வாங்கண்ணா"ன்னேன். அதுல விவாதிக்க என்ன இருக்கு?

உங்களுக்கு இதுல மாற்றுக் கருத்து இருந்தா, நான் ஏதாவது கணக்கைத் தப்பா படிச்சிருந்தா, எழுதுங்க. திருத்தம் இருந்தா அடுத்த எபிசோடோட ஆரம்பத்துலயே சொல்லிடுவேன். அடுத்த வாரம் சந்திப்போம். வீட்டுக்குப் பத்திரமா போங்க மக்களே.